சுகந்தி கார் ஓட்டிய காலம்

ஹாம் ரயில் நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் நெடுநேரம் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தாள். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே மஞ்சளாகப் பூத்துக் கிடந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி கிளம்பிய பிறகு எதிரில் இருந்த பெரியவரிடம் பயணச்சீட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார். பிறகு இரண்டு கைகளையும் ஒட்டி வைத்து, மெல்ல விலக்கிக் காட்டினார். டோர்ட்முண்ட் போகும் பாதி வேறு பக்கம் போய்விட்டது. நான் இந்தப் பாதியில் இருந்தேன்.

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். பீலஃபெல்ட் பக்கம் மூடப்போகும் ஓர் ஆலையில் பழைய பின்னல் இயந்திரம் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு அதைப் பார்க்க வந்திருந்தேன். இயந்திரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதை நிறுத்த என் கூரை இன்னும் நான்கு அடி உயர வேண்டும். அந்த வேலை முடிந்துவிட்டது. மீதி நாட்களை டோர்ட்முண்டில் இருந்த சுகந்திக்கு என்று வைத்திருந்தேன்.

சுகந்தி கோவையில் என் கல்லூரி விடுதித் தோழி. யாழ்ப்பாணத்துப் பெண். மூன்று வருடம் ஒரே அறை. சிறு பெண்ணாக இருந்தபோது வீட்டில் குப்பி விளக்கு வெடித்து அவளுடைய வலது கன்னம், காது, கழுத்து எல்லாம் வெந்து போயிருந்தன. விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் எப்போதும் சுவரோரம், வலது பக்கம் சுவர் இருக்கும்படி உட்காருவாள். ஒரு வாரத்தில் எனக்கு அந்த முகம் பழகிவிட்டது. மற்றவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிந்ததும் கல்யாணமாகி ஜெர்மனி போனாள். அதன்பின் பேச்செல்லாம் தொலைபேசியில்தான்.

ஹாகன் என்ற ஊரில் இறங்கி அவளை அழைத்தேன்.

"அங்கயே நில். நான் வாறன்," என்றாள்.

"எதுல வருவ?"

"காரிலதான். வேற என்னத்தில?"

அவள் கார் ஓட்டுவாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விடுதியில் இருந்து பேருந்து நிறுத்தம் வரை தனியாக நடக்காதவள் அவள்.

நிலைய வாசலில் ஒரு ரொட்டிக் கடை இருந்தது. உப்பு தூவி முறுக்கிய ரொட்டி ஒன்றை வாங்கிக் கடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன கார் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி, நீல முகக்கவசம், நெற்றியை இறுக்கிக் காது வரை கட்டிய பூப்போட்ட துணி. யாரோ என்று விலகி நின்றேன்.

"கலா, கெதியா ஏறு. இஞ்ச நிப்பாட்ட ஏலாது!"

குரலை வைத்துத்தான் ஏறினேன்.

எனக்கு அந்தக் கோலம் புதிதில்லை. எங்கள் ஊரில் ஸ்கூட்டியில் போகும் பெண்கள் பாதிப்பேர் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். வெயில், தூசி, தெரிந்தவர் கண்ணில் படாமல் போவது என்று ஆளுக்கொரு காரணம். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஹெல்மெட் எங்கே என்று கேட்பார். முகம் எங்கே என்று கேட்டதில்லை.

அவள் ஓட்டியதைச் சொல்ல வேண்டும். கியரைப் பார்க்காமலே மாற்றினாள். லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போய், இடம் கிடைத்ததும் சட்டென்று முந்தினாள். பேச்சும் நிற்கவில்லை. கொரோனா வரும்வரை இருபது வருடம் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. விடியுமுன் போய், ஆட்கள் வருவதற்குள் திரும்பிவிடும் வேலையாகப் பார்த்துச் சேர்ந்திருந்தாள்.

"பேந்து எல்லாரும் மாஸ்க் போட வேணும் எண்டு சட்டம் வந்திட்டுது. முதல் நாள் கடைக்குப் போறன், ஒருத்தரும் என்னை வித்தியாசமாப் பாக்கேல்ல. காசு வாங்கிற பிள்ளை என்ர கண்ணைப் பாத்துக் கதைச்சுது. எனக்கு அழுகை வந்திட்டுது, கலா. நாடெல்லாம் சாகுது, நான் சந்தோசமா இருக்கிறன். ஆரிட்டச் சொல்லுறது?"

அந்தத் தைரியத்தில் கார் பழகினாள். பழக்கியவரும் முகக்கவசம், தேர்வு வைத்தவரும் முகக்கவசம். பிறகு முதியவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. இந்தக் கார் அவர்கள் கொடுத்தது, கதவில் அவர்கள் பெயர் இருந்தது. கொரோனா போயிற்று. ஊர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டது. சுகந்தி கழற்றவில்லை.

பெரிய சாலையை விட்டு இறங்கும் இடத்தில், ஸ்ட்ராபெரிப் பழம் போலவே கட்டிச் சிவப்புச் சாயம் அடித்த ஒரு சின்னக் கடை இருந்தது. இலையே இல்லாமல் வெள்ளைத் தண்டாக இருந்த ஒரு கீரையைக் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார்கள். "இந்த மாசம் முழுக்க இந்த நாட்டு ஆக்கள் இதைத்தான் தின்னுவினம்," என்று சுகந்தி சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ் கார் எங்களை முந்தி வந்தது. அதன் பின்கண்ணாடியில் சிவப்பு எழுத்துகள் ஓடின. தன் பின்னால் வரச் சொல்கிறது என்றாள். குரல் மாறியிருந்தது.

கடைக்குப் பக்கத்திலேயே ஒதுக்கி நிறுத்தினோம். வந்த காவலர் இளைஞர். வணக்கம் சொல்வது போல் ஏதோ சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்ன கேட்டார் என்பது சுகந்தியின் கை காதுக்குப் போனபோது எனக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றினாள். துணியை அவிழ்த்தாள். கடைசியாக முகக்கவசம். அவர் உரிமத்திலிருந்த படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கடையில் கீரை வாங்க நின்ற இரண்டு பேரும் அவசரமாகக் கீரையைப் பார்த்தார்கள்.

அவர் சொன்னதை அவள் பிறகு சொன்னாள். வண்டி ஓட்டுபவரின் முகம் அடையாளம் தெரிய வேண்டும். மூடக் கூடாது. முகக்கவசம் மட்டும் என்றால்கூடப் பேசிப் பார்க்கலாம், கண்ணாடியும் துணியும் சேர்ந்தால் ஆள் யாரென்றே தெரியாது. "கொரோனா நேரம் நீங்களும் மூடினீங்கள்தானே எண்டு கேட்டனான். அப்ப எல்லாரும் மூடினம் எண்டான்." அபராதம் உண்டு என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னாராம். காருக்கு உரிமையாளர் நிறுவனம் என்பதால் அவர்களுக்கும் தெரியவரும்.

வீடு வரை அவள் முகத்தை மூடாமல், கண்ணாடி போடாமல் ஓட்டினாள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முந்தவே இல்லை. ஹாமில் நான் சரியான பெட்டியில் இருந்திருந்தால் அவள் அன்று அந்தச் சாலைக்கே வந்திருக்க மாட்டாள். இதை அவளிடம் சொன்னபோது, "போடி, இண்டைக்கில்லாட்டி நாளைக்கு," என்று முடித்துவிட்டாள். எனக்கு முடியவில்லை.

அவள் கணவர் யோகன் இரவுச் சாப்பாட்டைத் தயாராக வைத்திருந்தார். இடியப்பம், சொதி, கத்தரிக்காய்ப் பால்கறி, வறுத்த தூள் போட்ட மீன்குழம்பு. எண்பதுகளில் கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் ஒரு பையோடு இறங்கி, உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவி மேலே வந்தவர். சமையல் அவருடையதுதான். நடந்ததைக் கேட்டதும் அகப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இஞ்ச ரோட்டில நடக்கேக்க முகத்தை மூடலாம். ஒருத்தரும் கேக்க மாட்டினம். ஊர்வலத்தில மூட ஏலாது. கார் ஓடேக்க மூட ஏலாது. மியூனிக் பக்கம் யூனிவர்சிட்டியில மூட ஏலாது. ஒவ்வொரு இடத்துக்கு ஒவ்வொண்டு," என்றார். பிறகு மனைவியிடம் திரும்பினார். "உதெல்லாம் உந்த முக்காடு போடுற ஆக்களுக்காகக் கொண்டந்தது. நீர் ஏன் போய் அதுக்குள்ள மாட்டினனீர்?"

"நானும் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு இருந்தனான்," என்றாள் சுகந்தி. "இஞ்ச வந்து ஏன் மூடிக்கொண்டு திரியினம் எண்டு. மாஸ்க் போட்டுக்கொண்டே சொன்னனான்."

படுக்கப் போகுமுன் நான் கேட்டுவிட்டேன். "ஏன்டி, இங்க யாரு உன்னையப் பாக்கறா? எடுத்துப் போட்டுட்டு ஓட்ட வேண்டியதுதானே? ஒண்ணும் அவ்வளவு மோசமாயில்ல."

அவள் கோபப்படவில்லை. "அவை பாக்கிறேல்லத்தான். பாக்காமல் இருக்கினம். அந்த ரெண்டு பேரும் கீரையைப் பாத்தவை, கண்டனிதானே? இஞ்ச நல்ல பழக்கம் எண்டா அதுதான். என்ர முகம் வந்தா எல்லாற்ற கண்ணும் வேற இடத்துக்குப் போகும். மாஸ்க் போட்டால் என்னைப் பாப்பினம்."

மறுநாள் அவளே மேலாளரை அழைத்துச் சொல்லிவிட்டாள். மேலாளர் நல்ல பெண்தான். முகத்தைத் திறந்து ஓட்டு, இல்லையென்றால் ஓட்டாதே, எனக்கு வேறு வழியில்லை என்றார். விலக்கு கேட்டு மனுப் போடலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். மனு வாங்கும் அரசு அலுவலகத்தில் நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகுமாம். யாரோ வரவில்லை என்று விட்ட இடம் ஒன்று கிடைத்தது. "டெர்மீன் கிடைச்சிட்டுது!" என்று யோகன் கத்தியதைக் கேட்டு லாட்டரி விழுந்துவிட்டதோ என்று பார்த்தேன்.

அடுத்த நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது யோகன் அவளுக்குப் பாடம் சொன்னார். "எப்பிடி நடந்தது எண்டு கேப்பினம். சண்டையில எண்டு சொல்லும். ஷெல் விழுந்தது எண்டு சொல்லும்."

"விளக்கு வெடிச்சது எண்டுதான் சொல்லுவன்."

"சண்டை இல்லாட்டி கரண்ட் இருந்திருக்கும். கரண்ட் இருந்தா விளக்கு ஏன்? அப்ப சண்டைதானே? நான் சொல்லுறது பொய்யே, தங்கச்சி?"

எனக்கு அவர் சொன்னது சரி என்றே பட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் கேக்கிறவை, சண்டையிலயோ எண்டு. ஓம் எண்டு சொன்னா உடன கையைப் பிடிப்பினம். எனக்கு அது வேண்டாம். என்ர முகத்தில நடந்ததை நான் உள்ளபடி சொல்லுறன்."

அந்த அலுவலகத்துக்குப் பேருந்தில் போனோம். காத்திருப்பு அறை எங்கள் ஊர்த் தாலுகா அலுவலகத்தைப் போல இல்லை. நாற்காலி, எண் காட்டும் திரை, அமைதி. மூலையில் கறுப்புத் திரையால் முகம் மூடிய ஓர் இளம்பெண் கணவனோடு உட்கார்ந்திருந்தாள். சுகந்தியைப் பார்த்து, முகக்கவசத்தையும் தலைத்துணியையும் பார்த்து, மெல்ல சலாம் சொன்னாள். சுகந்தி ஒரு கணம் விழித்துவிட்டுப் பதில் சலாம் சொன்னாள். "தங்கட ஆள் எண்டு நினைச்சிட்டாள்," என்று என் காதில் சொன்னவள், அந்தப் பெண் என்ன விஷயமாக வந்திருக்கிறாள் என்று அவளிடமே போய்க் கேட்டாள். சுகந்தி வந்த அதே விஷயம்தான். குழந்தையைத் தினமும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமாம், அதற்குக் கார் ஓட்ட வேண்டும். இருவரும் கொஞ்ச நேரம் ஜெர்மனில் பேசினார்கள். நான்கு கண்கள் மட்டும் தெரிந்தன. சிரித்தபோது அந்தக் கண்கள் ஒரே மாதிரி சுருங்கின.

உள்ளே இருந்த அதிகாரி ஐம்பது வயதுப் பெண். மேசையில் சின்னச் சின்னக் கள்ளிச் செடிகள். கேள்விகள் கேட்டார், கணினியில் தட்டினார். சுகந்தி நிதானமாகப் பதில் சொன்னாள். விளக்கு என்பதற்குக் கையால் திரியையும் சுடரையும் காட்டியதால், அவள் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. பிறகு முகக்கவசத்தைக் கழற்றினாள். அதிகாரி முன்னால் சாய்ந்தார். கண்ணைத் திருப்பவில்லை. தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, மெல்லிய குரலில், சிரித்த முகத்தோடு நிறையச் சொன்னார். என்னையும் பார்த்துச் சிரித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. நானும் வாய் நிறையச் சிரித்துத் தலையை ஆட்டினேன். எழும்போது கைகுலுக்கி, தெரிந்த ஒரே ஜெர்மன் சொல்லான 'டாங்க'வை இரண்டு முறை சொன்னேன்.

நடைபாதைக்கு வந்ததும், "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஏலாதெண்டு."

"சிரிச்சாங்களே?"

"ஓம். நீயும் சிரிச்சாய்."

சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாள். புண் ஆறிய தோல், மூடி வைக்க மருத்துவக் காரணம் ஏதுமில்லை. மருத்துவர் எழுதித் தந்தால் பார்க்கலாம். "தோல் டொக்டர் என்னத்தை எழுதுவார்? ஆறிட்டுது எண்டுதான் எழுதுவார். வெக்கத்துக்கு ஒரு டொக்டரும் துண்டு எழுதித் தரமாட்டார்." பிறகு அதிகாரி சொன்னாராம்: நீங்கள் மறைக்க வேண்டிய முகமே இல்லை, அழகான கண்கள், இந்த நாட்டில் யாருக்கும் பயந்து ஒளிய வேண்டியதில்லை, ஒன்றும் அவ்வளவு மோசமாயில்லை.

கடைசி வாக்கியம் இரண்டு நாள் முன்பு நான் சொன்னது. நான் தமிழில் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

வெளியே வரும்போது அந்த இளம்பெண் எழுந்து நின்று என்ன ஆயிற்று என்று கேட்டாள். சுகந்தி தலையை ஆட்டினாள். அந்தப் பெண் கணவனைப் பார்த்தாள். அவன் எண் காட்டும் திரையைப் பார்த்தான். அவர்கள் போகவில்லை, தங்கள் எண்ணுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்று தெரியாது.

அடுத்த நாள் காலை சுகந்தி என்னை எழுப்பினாள். முகத்தில் ஒன்றுமில்லை. தலைமயிரை வலது பக்கம் இழுத்து வாரியிருந்தாள். "வா, கார் ஓடிப் பாப்பம்," என்றாள். ஊருக்கு வெளியே தனியாக இருக்கும் ஓஸ்டர் என்ற மூதாட்டிக்கு மாத்திரை கொடுத்து, கால் வீக்கத்துக்கான இறுக்க உறையை மாட்டிவிடும் நேரம் அது. அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. நான் பக்கத்தில் உட்கார்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன். மூன்று சந்திப்புகளைத் தாண்டினாள். நான்காவதில் சிவப்பு விளக்கு. பக்கத்தில் பேருந்து வந்து நின்றது. ஜன்னலோரத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை அவளையே பார்த்தது. அதன் தாய் குனிந்து குழந்தையின் தலையை மெதுவாக மறுபக்கம் திருப்பினாள்.

பச்சை விழுந்தது. கார் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சுகந்தி கதவுப் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டினாள், கண்ணாடியைப் போட்டாள், வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினாள். சாவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, ஓஸ்டர் அம்மாவிடம் வேறு ஆளை அனுப்பச் சொல்லி மேலாளரை அழைத்தாள்.

"பிள்ளை பாத்தது பரவாயில்லை. பிள்ளையள் பாக்கும்," என்றாள். "தாய் திருப்பினவள்."

மேலாளர் அவளுக்கு நடந்து போகும் தூரத்தில் இரண்டு வீடுகளை மட்டும் ஒதுக்கினார். நிறுவனத்தின் காரை ஆள் வந்து எடுத்துப்போனார். ஓஸ்டர் அம்மாவை வேறொரு பெண் பார்த்துக்கொள்வாள். சொல்லிவிட்டு வர வேண்டும் என்று சுகந்தி சொன்னதால், சனிக்கிழமை யோகன் தன் சொந்தக் காரில் எங்களை அழைத்துப் போனார்.

ஓஸ்டர் அம்மா எலுமிச்சைக் கேக் வெட்டி வைத்திருந்தார். அவர் காலிலிருந்த உறையை நான் குனிந்து பார்த்தேன். அத்தனை இறுக்கமும் ஒரே சீரான கண்ணிகளாக இறங்கியிருந்தது. அதை விரலால் தடவியதும் கிழவி உரக்கச் சிரித்தார். புதிய பெண் வருவாள் என்று சுகந்தி சொன்னாள். அவர் அழவில்லை. இவள் வேகமாக ஓட்டுவாள், தோட்டத்து வாசலில் சரளைக்கல் தெறிக்கும், அந்தச் சத்தம் கேட்டுத்தான் காபி வைப்பேன் என்றார். யோகன் எனக்கு மொழிபெயர்த்தார்.

கேக்கைச் சாப்பிட சுகந்தி வழக்கம்போல ஜன்னல் பக்கம் திரும்பி, எங்களுக்கு முதுகு காட்டி நின்று முகக்கவசத்தை இறக்கினாள். அப்போது கிழவி ஏதோ சொன்னார். யோகன் மொழிபெயர்க்காமல் நின்றுவிட்டார். நான் அவர் கையைத் தட்டிக் கேட்ட பிறகு சொன்னார்.

"இப்பிடித் திரும்பி நிண்டு தின்னத் தேவையில்லை எண்டுறா. ஜன்னல் கண்ணாடியில முகம் தெரியுமாம். முதல் மாசமே கண்டிட்டாவாம்."

சுகந்தி திரும்பவில்லை. கேக்கை மென்று விழுங்கும்வரை அப்படியே நின்றாள். பிறகு முகக்கவசத்தை ஏற்றிக்கொண்டு வந்து கிழவியின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள்.

திரும்பும் வழியில் நான் சொன்னேன். "பாத்துருக்காங்க பாரு, இத்தன வருசமா. ஒண்ணுமே மாறல. அப்பவே சொல்லியிருந்தா எவ்வளவு நல்லாருந்துருக்கும்."

"சொல்லியிருந்தா அடுத்த நாள் நான் போயிருக்க மாட்டன், கலா," என்றாள். வந்த நாளிலிருந்து நான் சொன்ன எதுவும் அவளுக்கு உதவவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

கடைசி நாள் டுசெல்டோர்ஃப் விமான நிலையத்துக்கு யோகன் ஓட்டினார். என்னை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, சுகந்தி அவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் ஏறிக்கொண்டாள். நீல முகக்கவசம், கறுப்புக் கண்ணாடி, பூப்போட்ட துணி. பயணம் செய்பவர் எப்படி வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம், சட்டத்தில் தடையில்லை.

யோகன் சமையலில் எவ்வளவு கெட்டிக்காரரோ ஓட்டுவதில் அவ்வளவு மோசம். லாரிக்குப் பின்னாலேயே தொற்றிக்கொண்டு வந்தார்.

"இஞ்சேருங்கோ, இடைவெளி விடுங்கோ. சிக்னல் போடுங்கோ. இப்ப முந்துங்கோ, இப்ப."

"நீர் சும்மா இரும்."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அவள் முன்னால் குனிந்து, இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் போன வண்டிகளின் பின்விளக்குகள் சிவந்தபோதெல்லாம், யோகனுக்கு முன்பே அவளுடைய வலது கால் கீழே இருந்த விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது.